மூன்றாவது அழைப்பு

பஃபலோ,
14 செப்டம்பர் 1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? எனக்கு ரத்த அழுத்தம் மட்டும்தான் குறை. அதற்கும் மாத்திரை இருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொல்லும் டாக்டரும் இருக்கிறார். மாத்திரை பேச்சைக் கேட்கிறேன்.

என் வீட்டு மாடியில் குடியிருந்த தம்பதி அரிசோனாவுக்குப் போய்விட்டார்கள். மிச்ச நாளைப் பனி இல்லாத ஊரில் கழிக்க வேண்டுமாம். மாடி காலியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் ஸ்டாஸ் இறந்ததிலிருந்து கீழ்ப்பகுதியில் நான் தனி. எல்மா அண்ணி போய் ஒரு வருஷம் ஆகிறது, நீங்களும் அந்த டுலூத் மலைச்சரிவில் தனி. இருவரும் ஆளுக்கொரு ஊரில் தனியாக உட்கார்ந்து என்ன சாதிக்கப் போகிறோம்? வந்துவிடுங்கள். கீழே நான், மேலே நீங்கள். உங்களுக்குத் தனிச் சமையலறை, தனிப் படிக்கட்டு. சண்டை வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவிடம் வேலியோரம் நின்று சொன்னேன். "உங்க அண்ணன் வக்கீலா? அப்பாடா! எதிர்வீட்டுக்காரன் பனியை வாரி வாரி என் கார்மேலயே கொட்டறான். அவன்மேல ஒரு கேஸ் போடணும். மனுஷனைச் சீக்கிரம் வரச் சொல்லுடி!" என்கிறாள். ஒரு கட்சிக்காரர் இப்போதே தயார்.

ஆப்பிள் பருவம் வந்துவிட்டது. நாளை கேக் செய்கிறேன். பாதியை உங்களை நினைத்துச் சாப்பிடுவேன்.

உங்கள் தங்கை,
ஹெல்மி

*

டுலூத்,
28 செப்டம்பர் 1986

அன்புத் தங்கை ஹெல்மிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி, அதன் வயதுக்குரிய அளவில் ஒத்துழைக்கிறது. உன் மருத்துவர் சொல்வதை நீ ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.

நீ விடுத்த அழைப்புக்கு மனமார்ந்த நன்றி. ஆயினும், உனக்கு அத்தகைய சிரமத்தைத் தருவது முறையாகாது. வாடகைக்கு விடக்கூடிய ஒரு பகுதியை உறவினனைக் குடிவைத்து முடக்குவது உன் நலனுக்கு உகந்ததன்று.

பொதுவாகவே, இரண்டு நகரங்களையும் பாரபட்சமின்றி ஒப்பிட்டால், டுலூத்துக்குச் சில அனுகூலங்கள் உள்ளன என்பதை நீயும் மறுக்க மாட்டாய். இங்கே குளிர் கடுமையானது; ஆனால் நாணயமானது. நவம்பரில் வருவேன் என்று சொல்லி நவம்பரில் வருகிறது. உங்கள் ஊரிலோ காலையில் வெயில் காய்கிறது, மாலைக்குள் ஈரி ஏரி ஒரு தெருவை மட்டும் தேர்ந்தெடுத்துக் கழுத்தளவு பனியில் புதைக்கிறது. அடுத்த தெருவில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். முன்னறிவிப்பின்றி நடவடிக்கை எடுக்கும் ஏரியை நான் எப்படி நம்புவது? மேலும், இங்கே சமையலறை ஜன்னலிலிருந்தே துறைமுகத்துக்குள் கப்பல்கள் நுழைவதைப் பார்க்கலாம். எல்மா அவற்றின் பெயர்களைச் சத்தமாகப் படிப்பாள். இப்போது நான் படிக்கிறேன்.

தகவலுக்காக மட்டும் கேட்கிறேன்: மாடிப் படுக்கையறை ஜன்னல் கிழக்கு நோக்கியதா?

உன் நலம் நாடும் அண்ணன்,
ரெய்னோ

*

பஃபலோ,
19 அக்டோபர் 1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? குளிர்காலக் கோட்டை எடுத்தாகிவிட்டதா? எனக்குச் சளி வந்து போனது. ஸ்டெல்லா கொண்டுவந்த பீட்ரூட் சூப் அதை விரட்டிவிட்டது.

ஆம், கிழக்குதான். காலை வெயில் நேராகக் கட்டில்மேல் விழும். சிரமம், முடக்கம் என்றெல்லாம் ஏன் எழுதுகிறீர்கள்? நான் கேட்டது வாடகையையா? கப்பல்தான் வேண்டுமென்றால் இங்கேயும் ஏரி இருக்கிறது. அரை மணி நேரத்தில் அருவிக்கே போகலாம், உலகமே காசு செலவழித்து வந்து பார்க்கிற அருவி. வெள்ளிக்கிழமை தோறும் தெருமுனைக் கடையில் பொரித்த மீன். தட்டை விட்டு வெளியே நீண்டு தொங்கும். இங்கே ஆலைகள் மூடிப் பாதித் தெரு காலியாகிவிட்டது, உண்மை. உங்கள் ஊரிலும் அதேதானே? மிச்சமிருக்கிறவர்கள் ஒருவரையொருவர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

மறுபடியும் கேட்கிறேன் அண்ணா, வாருங்கள். சுவருக்கு என்ன நிறம் என்று மட்டும் சொல்லுங்கள், வண்ணம் அடித்து வைக்கிறேன்.

ஸ்டெல்லா தினமும், "என்ன ஆச்சு உங்க அண்ணன் தீர்ப்பு?" என்று கேட்கிறாள். "விசாரணை நடக்குது" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஹெல்மி

*

டுலூத்,
9 நவம்பர் 1986

அன்புத் தங்கை ஹெல்மிக்கு,

சளி முற்றிலும் நீங்கியிருக்கும் என நம்புகிறேன். ஸ்டெல்லா அம்மையாருக்கு என் சார்பிலும் நன்றி சொல். நான் நலம்.

உன் இரண்டாவது அழைப்பும் என்னை நெகிழச் செய்தது. எனினும், உன் அமைதியான வாழ்க்கைக்குள் ஒரு கிழவனின் பழக்கங்களைக் கொண்டுவந்து இறக்க எனக்கு உரிமை இல்லை. எனவே, நன்றியுடன், வேண்டாம்.

நகரங்களை ஒப்பிடும் வேலையை விடவில்லை. வால்டர் லிண்ட்குவிஸ்டை உனக்கு நினைவிருக்கும்; முப்பது ஆண்டுகள் எனக்கு எதிர்த்தரப்பில் நின்று வாதாடியவர், ஆகவே என் நெருங்கிய நண்பர். அவர் இப்போது மகன் குடும்பத்தோடு மினியாபோலிஸில் இருக்கிறார். அங்கே நகர மையத்தில் கட்டடத்துக்குக் கட்டடம் தெருவுக்கு மேலே கண்ணாடி நடைபாலங்கள் போட்டிருக்கிறார்களாம். குளிர்காலம் முழுவதும் கோட்டில்லாமல் வங்கிக்கும் பல் மருத்துவரிடமும் போய்வரலாம். "போன மாசம் வெளிக்காத்தே படல, ரெய்னோ. செத்துட்டேனா இல்லையான்னு சந்தேகமா இருக்கு" என்று தொலைபேசியில் சொன்னார். வசதியையும் வாழ்க்கையையும் ஒன்றாகக் கருத இயலாது என்பதற்கு இதை ஒரு சான்றாகப் பதிவு செய்கிறேன்.

இங்கே பனி தொடங்கிவிட்டது. மேல்தளத்து அறைகளை மூடிவிட்டேன். எரிபொருள் மிச்சம். சமையலறையில் ஒரு கட்டில் போட்டுக்கொண்டதில் வசதியாகவே இருக்கிறது.

நிறம் பற்றிக் கேட்டிருந்தாய். பொதுவான ரசனை அடிப்படையில், வெளிர் மஞ்சள் எவருக்கும் உறுத்தாது.

உன் அண்ணன்,
ரெய்னோ

*

பஃபலோ,
7 டிசம்பர் 1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? இங்கே நான் நலம், முதுகு மட்டும் இல்லை. போன வாரம் ஏரி தன் வேலையைக் காட்டிவிட்டது. கதவைத் திறந்தால் கதவின் அச்சு பனியில் பதிந்து நிற்கிறது. பேச்சுவார்த்தை இல்லாத எதிர்வீட்டுக்காரனே பனி தள்ளும் எந்திரத்தோடு வந்து என் வாசலையும் ஸ்டெல்லா வாசலையும் திறந்துவிட்டான். ஸ்டெல்லா ஜன்னலிலிருந்து, "இதுக்காக எல்லாம் உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதே!" என்று கத்தினாள். பிறகு அவனுக்கு ஒரு தட்டு முட்டைக்கோஸ் சுருள் கொடுத்தனுப்பினாள். கேஸ் தள்ளுபடி.

உங்கள் முடிவு புரிந்தது, அண்ணா. நன்றாக யோசித்துத்தான் எழுதியிருப்பீர்கள். இனி அதைப் பற்றிப் பேசி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு ஏலக்காய் ரொட்டி அனுப்பியிருக்கிறேன். உடைந்து வந்தால் காபியில் தோய்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஹெல்மி

*

டுலூத்,
21 டிசம்பர் 1986

மதிப்புக்குரிய நண்பர் வால்டருக்கு,

தாங்களும் மகன் குடும்பத்தாரும் நலமே என நம்புகிறேன். என் தங்கை அனுப்பிய ரொட்டி முழுதாகவே வந்து சேர்ந்தது.

தங்கள் ஆலோசனை தேவைப்படும் விஷயம் ஒன்று உண்டு. பஃபலோவில் தன் வீட்டு மாடியில் வந்து குடியிருக்குமாறு ஹெல்மி என்னை இருமுறை அழைத்தாள். நம் வழக்கப்படி இருமுறையும் மறுத்தேன். முதல் அழைப்பை மரியாதைக்கு விடுப்பார்கள். அதை உடனே பிடித்துக்கொள்பவன் பேராசைக்காரன். இரண்டாவது முறையும் விட்டுக்கொடுக்க வேண்டும். மூன்றாவது முறையும் கேட்டால்தான் மெய்யாகவே விரும்புகிறார்கள் என்று பொருள். அப்போது, "உங்களுக்குச் சிரமமில்லை என்றால்" என்று சொல்லி ஏற்க வேண்டும் என்பது நம் மினசோட்டாவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

எல்மாவின் தந்தை வீட்டுக்கு நான் முதன்முறை போனதைத் தங்களிடம் சொல்லியிருக்கிறேன். "சாப்பிட்டுப் போங்க தம்பி." "இல்லீங்க, இப்பத்தான் சாப்பிட்டேன்." "ஒரு வாய் சாப்பிடலாமே." "எதுக்குங்க சிரமம்." அந்த நேரம் பார்த்து மாடு கத்தியதால் அவர் எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டார். மூன்றாவது முறை கேட்கவில்லை. நான் பட்டினியோடு வீடு திரும்பினேன். எல்மா சாகும்வரை அதைச் சொல்லிச் சிரித்தாள்.

ஹெல்மியின் கடைசிக் கடிதத்தில் மூன்றாவது அழைப்பு இல்லை. அடுத்ததில் இருக்கக்கூடும். புத்தகங்களைப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கிறேன். தூசி படியாதிருக்க மட்டுமே.

தங்கள்,
ரெய்னோ கங்காஸ்

*

மினியாபோலிஸ்,
4 ஜனவரி 1987

என் அருமை எதிர்த்தரப்பு வக்கீலே,

எல்லாரும் சுகம். பேரன் என்னை நடைபாலத்தில் தினமும் காற்றாட (காற்றில்லாமல்) அழைத்துப் போகிறான்.

உங்கள் கடிதத்தை மருமகளிடம் படித்துக் காட்டினேன். அவள் நியூயார்க் மாநிலத்துக்காரி. "மாமா, எங்க பக்கம் வேண்டாம்னா வேண்டாம்தான். ஒருத்தர் ரெண்டு தடவை வேண்டாம்னு சொன்னப்புறம் மூணாவது தடவை கேட்டா, காது கேக்கலையான்னு திட்டுவாங்க" என்கிறாள்.

உங்கள் தங்கை கல்யாணமாகிப் போய் நாற்பது வருஷம் ஆகிறது, ரெய்னோ. அவளுக்கு நம்ம ஊர்ச் சட்டம் மறந்திருக்கும். பஃபலோவில் உட்கார்ந்திருப்பவள்மேல் மினசோட்டா விதியைச் செலுத்த உங்களுக்கு அதிகார வரம்பு இல்லை. நீங்களே எழுதிக் கேளுங்கள். ஒரு வரி போதும்.

நான் வாதத்தில் உங்களை வென்றது குறைவு. இதில் வென்றே தீருவேன்.

வால்டர்

*

டுலூத்,
25 ஜனவரி 1987

அன்புத் தங்கை ஹெல்மிக்கு,

முதுகு தேறியதா? இக்கடிதத்தைத் தட்டச்சு செய்திருப்பதற்கு மன்னிக்கவும். வலது கைக்குச் சிறிது ஓய்வு தரலாம் என்று தோன்றியது. இடது கை ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக்கொள்கிறது. மற்றபடி நலம். பக்கத்து வீட்டார் எனக்குச் சூடான உணவு கொண்டுவந்து வைக்கிறார்கள். நான் ஒவ்வொரு முறையும் மறுக்கிறேன். அவர்கள் வைத்துவிட்டே போகிறார்கள். அவர்களுக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் தெருவின் சரிவு இம்மாதம் கண்ணாடிபோல் இருக்கிறது. ஈரி ஏரி உறைந்ததும் பஃபலோவில் பனிப்பொழிவு அடங்கிவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அங்கே தெருக்கள் சமதளம் என்பதையும் நான் இதுவரை போதிய அளவு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அளவில் என் முந்தைய ஒப்பீட்டைத் திருத்திக்கொள்கிறேன்.

மாடிப்பகுதி இன்னும் காலியாகவே இருக்கிறதா? கடுங்குளிரில் ஆளில்லாத வீட்டைப் பூட்டி வைப்பது நல்லதன்று. தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும். அங்கே யாராவது ஒருவர் குடியிருப்பது வீட்டுக்கு நல்லது என்பதை உனக்குச் சுட்டிக்காட்டுவது என் கடமை.

உன் அண்ணன்,
ரெய்னோ

*

பஃபலோ,
15 பிப்ரவரி 1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

கைக்கு என்ன? எழுதி எழுதித் தேய்ந்துவிட்டதா? வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். என் முதுகு சரியாகிவிட்டது.

குழாய் பற்றி எழுதியதற்குக் கோடி நன்றி. உங்கள் யோசனை இல்லாவிட்டால் நான் இன்னும் மாடியைச் சும்மாவே வைத்திருப்பேன். ஏதோ ஒரு நம்பிக்கையில் யாருக்கும் விடாமல் இருந்தேன். அது இருக்கட்டும். கடிதம் வந்த அன்றே ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவளுக்குத் தெரிந்த இரண்டு நர்ஸ் பெண்கள், அக்காவும் தங்கையும், வந்து பார்த்தார்கள். "மஞ்சள் சுவரு எவ்வளவு அழகா இருக்கு, ஆன்ட்டி!" என்று சின்னவள் குதித்தாள். ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது. மார்ச் முதல் தேதி வருகிறார்கள்.

ஒப்பந்தத்தின் நகலை அனுப்பியிருக்கிறேன். ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஹெல்மி

*

டுலூத்,
24 பிப்ரவரி 1987

அன்புத் தங்கை ஹெல்மிக்கு,

நலமறிந்து மகிழ்ச்சி.

ஒப்பந்தத்தைப் படித்தேன். முறையாக எழுதப்பட்டிருக்கிறது. நடைபாதைப் பனியை அகற்றும் பொறுப்பு யாருடையது என்பதை மட்டும் ஒரு வரியில் சேர்த்துக்கொள். கையெழுத்திட்ட பிறகு எக்காரணம் கொண்டும் அந்தப் பெண்களிடம் சொல் மாறாதே. அவர்களுக்குக் காலை வெயில் பிடிக்கும் என்று நம்புகிறேன்.

நல்ல முடிவு. வாழ்த்துகள்.

ரெய்னோ

*

பஃபலோ,
15 மார்ச் 1987

அண்ணா,

நலம் விசாரிக்க மாட்டேன். கேட்டால் பொய் சொல்வீர்கள்.

நேற்று வால்டர் தொலைபேசியில் பேசினார். "அம்மா, நான் உங்க அண்ணனோட எதிரி பேசறேன்" என்று ஆரம்பித்தார். கிறிஸ்துமஸ் கழித்து நீங்கள் வாசல் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டதையும், பேப்பர் போட வந்த பெண் பார்க்கும்வரை பனியிலேயே கிடந்ததையும் சொன்னார். மேலேயிருக்கும் அறைகளை நீங்கள் ஏன் மூடினீர்கள் என்றும் சொன்னார். எரிபொருளுக்காக இல்லை. அண்ணி உடைகள் அங்கே இருக்கின்றன. பிறகுதான் அந்த மூன்றாவது அழைப்பு விஷயம் வந்தது. "உங்க அண்ணன் பெட்டி கட்டி வச்சுட்டு உக்காந்திருக்கார். நீங்க கேக்கவே இல்லையாமே?"

தொலைபேசியை வைத்துவிட்டு அழுதேன். பிறகு உங்களைத் திட்டினேன். பிறகு என்னையும். அம்மா அடுத்த வீட்டுக் காபிக்கு இரண்டு முறை வேண்டாம் என்றுவிட்டு வாசல்படியிலேயே நிற்பாளே, அதைப் பார்த்து வளர்ந்தவள்தானே நான். நாற்பது வருஷத்தில் எங்கேயோ தொலைத்துவிட்டேன். நீங்கள் இரண்டு முறை மறுத்தபோது என் வீடு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றே நினைத்தேன். ஸ்டெல்லாவும், "வேண்டாங்கறவரைப் பிடிச்சு இழுக்காதேடி, மனுஷனுக்கு அவர் ஊர்தான் சொர்க்கம்" என்றாள். இப்போது கதை முழுக்கத் தெரிந்ததும், "ரெண்டு பேரும் படிச்சவங்கதானே? வாயில என்ன, பனிக்கட்டியா?" என்று கேட்கிறாள்.

மாடியில் அந்தப் பெண்கள் வந்துவிட்டார்கள். நல்ல பெண்கள். நீங்கள் சொன்னபடி சொல் மாற மாட்டேன். மாடி இனி இல்லை.

என் சமையலறைக்குப் பின்னால் தையல் அறை ஒன்று இருக்கிறது. சின்னது. ஜன்னலைத் திறந்தால் ஸ்டெல்லாவின் கார் கொட்டகைச் சுவர்தான் தெரியும். வெயிலும் வராது, கப்பலும் வராது. அடுப்பின் சூடு வரும். நான் பாத்திரம் உருட்டும் சத்தமும் வரும். தனிப் படிக்கட்டு கிடையாது, சண்டை வந்தால் ஒரே மேசையில்தான் முறைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த அறைக்கு வருகிறீர்களா?

ஒரே ஒருமுறைதான் கேட்கிறேன். நான் இப்போது இந்த ஊர்க்காரி. நீங்கள் வேண்டாம் என்றால் எனக்கு அது வேண்டாம்தான்.

ஹெல்மி

*

டுலூத்,
20 மார்ச் 1987

அன்புத் தங்கைக்கு,

வருகிறேன்.

இச்சொல்லைத் தட்டச்சு செய்வதற்கு முன், பழக்கத்தால், "உன் அன்புக்கு நன்றி, ஆயினும்" என்று தொடங்கிய தாள் ஒன்றைக் கிழித்துப் போட்டேன் என்பதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. இனி எதையும் மறைக்கும் உத்தேசம் இல்லை. மணிக்கட்டு கூடிவருகிறது. பனியில் கிடந்தபோது பயந்தேன். மேல்தளத்துக்கு நேற்று ஏறினேன். எல்மாவின் கோட்டுகளைப் பக்கத்து வீட்டம்மாவிடம் கொடுத்தேன். இவ்வளவு நாள் எனக்குச் சோறு கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். முதல்முறை கொடுத்தபோது வேண்டாம் என்றார். இரண்டாவது முறையும் வேண்டாம் என்றார். மூன்றாவது முறை கேட்டேன். வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். இந்த ஊருக்கும் இதன் மனிதர்களுக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை எந்த ஒப்பீட்டிலும் சேர்க்க இயலாது. ஆகவே ஒப்பீட்டைக் கைவிடுகிறேன்.

வால்டர் மாதக் கடைசியில் மகனுடன் காரில் வந்து பெட்டிகளை ஏற்ற உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். வழக்கில் வென்றதைப் பற்றிப் பஃபலோவரை பேசிக்கொண்டே வருவார், பொறுத்துக்கொள்வேன்.

அறையைப் பற்றி எனக்கு நிபந்தனை ஏதுமில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், ஹெல்மி. கேட்கிறேன் என்பதைக் கவனி. காலையில் நீ எத்தனை மணிக்குக் காபி போடுவாய்? அந்த நேரத்துக்கு நான் மேசையில் இருக்க விரும்புகிறேன்.

உன் அண்ணன்,
ரெய்னோ